மனைவிக்கு சேலத்தில் ஓ.ஜி. சீட், வீடு ஆத்தூரில், குழந்தைக்கு இரண்டு வயது: அடுத்த மூன்று வருடம் எப்படி இருக்கும்?

கேட்டவர் ஆத்தூர்க்காரர். ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். மனைவிக்கு சேலம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஓ.ஜி., அதாவது மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு, கிடைத்திருக்கிறது. பெண் குழந்தைக்கு இரண்டு வயது. அவர் கேட்பது மூன்று விஷயம்: ஆத்தூரிலிருந்து தினமும் போய்வர முடியுமா? முதல் வருடம்தான் கஷ்டம், அப்புறம் சுலபம் என்கிறார்களே, உண்மையா? இரண்டாவது குழந்தையை எப்போது யோசிக்கலாம்?

நான் ஓ.ஜி. படித்தவள். பிறகு பல வருடம் லேபர் வார்டில் பி.ஜி.க்கள் என்கிற மேற்படிப்பு மாணவர்களோடு நின்றவள். நான் படித்தபோது எனக்கும் கைக்குழந்தை இருந்தது. இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி பதில் வந்துவிடும்.

"முதல் வருஷம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கோங்க" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. டூட்டி நேரம் வருடத்துக்கு வருடம் குறையத்தான் செய்யும். ஆனால் நேரம் குறையக் குறைய, அவர் தலையில் விழும் முடிவுகள் கூடிக்கொண்டே போகும். முதல் வருடம் உங்கள் மனைவி வீட்டில் இருக்க மாட்டார். மூன்றாம் வருடம் வீட்டில் இருப்பார், ஆனால் நினைப்பெல்லாம் வார்டில் இருக்கும். முதலாவதற்கு எல்லாக் குடும்பமும் தயாராகிறது. இரண்டாவதற்கு யாரும் தயாராவதில்லை. என்னிடம் படித்த பெண்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுதது பெரும்பாலும் மூன்றாம் வருடத்தில்தான். "இப்பத்தான் டைம் இருக்கே, இன்னும் என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்ற ஒரே கேள்வி, ஆளுக்கு ஆள் வேறு குரலில்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி உங்கள் வாயில் வராது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வருட பி.ஜி. என்பவர் வார்டின் கையும் காலும். பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜனோடு சேர்ந்து ரத்தம் எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, ஸ்கேனுக்கு ஆள் அனுப்புவது, ரத்த வங்கிக்கு ஓடுவது, சீஃப் ரவுண்ட்ஸ் வரும்முன் ஒவ்வொரு கட்டிலின் கதையையும் மனப்பாடம் செய்து நிற்பது. வலிப்பு வந்த கர்ப்பிணி ஒருவருக்கு மெக்னீசியம் சல்பேட் ஆரம்பித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், சிறுநீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முழங்கால் அசையவில்லை என்றால் அடுத்த ஊசி கிடையாது. இதைச் செய்வது முதல் வருட பி.ஜி. நுணுக்கமான வேலை, தூக்கத்தைத் தின்கிற வேலை. ஆனால் மருந்து ஆரம்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தது வேறொருவர். முழங்கால் அசையவில்லை என்றால் "அக்கா, வந்து பாருங்க" என்று சீனியரைக் கூப்பிட்டால் போதும். அந்த நிம்மதியின் மதிப்பு அப்போது தெரியாது.

இரண்டாம் வருடம் கத்தி கைக்கு வரும். சிசேரியன்களைப் பக்கத்தில் ஒருவர் நிற்க, தானே செய்வார். மற்ற துறைகள் ஒப்பீனியன் கேட்கும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார், முதல் வருடத்தவருக்கு வேலை பிரித்துக் கொடுப்பார். மூன்று வருடத்தில் மனசுக்கு நல்ல வருடம் இதுதான் என்பேன். வேலை பழகியிருக்கும், தேர்வு தூரத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்து கதை சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடத்திலோ அடுத்ததன் தொடக்கத்திலோ மாவட்ட உறைவிடப் பயிற்சி என்று மூன்று மாதம் வெளியே அனுப்புவார்கள். தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செமஸ்டர்களில் ஒன்றில் இது கட்டாயம். மேட்டூர் மாதிரி மாவட்டத் தலைமை மருத்துவமனையாகவும் இருக்கலாம், வேறு இடமாகவும் இருக்கலாம். பட்டியல் வரும்போது குழந்தை இருப்பதைச் சொல்லிப் பக்கத்தில் கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமல் இருந்துவிட்டு, பட்டியல் வந்தபிறகு வீட்டில் புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

இனி மூன்றாம் வருடம். நள்ளிரவில் லேபர் வார்டில், மேடம் என்கிற மூத்த டாக்டர் வந்து சேரும்வரை, மூத்தவர் இவர்தான். தமிழ்நாட்டில் இன்று அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. சிக்கல் இல்லாதவை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா மருத்துவமனையிலும் முடிந்துவிடும். சிக்கலானவை 108-இல் ஏறி மருத்துவக் கல்லூரிக்கு வரும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற பெண்ணுக்கும், ஆத்தூர், எடப்பாடிப் பக்கமிருந்து வருகிறவருக்கும் வாசல் ஒன்றுதான். வாசலில் நிற்கும் அம்மா கேட்பதும் ஒரே கேள்வி: "டாக்டரம்மா, எம்புள்ள பொழச்சுக்குமா?" பக்கத்தில் பெரிய டாக்டரம்மா யாரும் இல்லாத அந்த நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மனைவி.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடும். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்தபின் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும், அதுதான் அந்த ஓட்டத்தை அடைக்கிற கதவு. சுருங்காவிட்டால் கண்முன்னால் கொட்டும். மருந்து கொடுத்து, அழுத்திப் பிடித்து, பலூன் வைத்து, அதற்கும் நிற்காவிட்டால் தியேட்டருக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒவ்வொரு படியையும் புத்தகத்தில் படித்திருப்பார். ஆனால் எந்தப் படியில் நின்று கொஞ்சம் பார்ப்பது, எப்போது அடுத்ததற்குத் தாவுவது, மேடத்தை எப்போது எழுப்புவது என்பதை எந்தப் புத்தகமும் அந்த இரவுக்கென்று எழுதி வைக்கவில்லை. சீக்கிரம் கூப்பிட்டால் "இதுக்குக்கூடவா?" என்ற பேச்சு வரலாம். தாமதமாகக் கூப்பிட்டால் வருவது பேச்சோடு நிற்காது. என்னிடம் படித்தவர்களுக்கு நான் சொன்னது, தவறுவதானால் சீக்கிரம் கூப்பிட்டுத் திட்டு வாங்குகிற பக்கமாகவே தவறுங்கள் என்பது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் தணிக்கைக்குப் போகும். மாவட்ட ஆட்சியர் வரை அந்தக் கோப்பு நகரும். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு ரத்தம் ஏற்றினீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று நிமிடக் கணக்கில் கேட்பார்கள். இது நல்ல ஏற்பாடு. தமிழ்நாட்டில் தாய் மரணம் குறைந்ததில் இதற்குப் பங்குண்டு. ஆனால் அன்று டூட்டியில் இருந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த வாரம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். சாயந்திரம் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டிருப்பார். மகள் மடியில் உட்கார்ந்து ஏதோ காட்டிக்கொண்டிருப்பாள். இவர் தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருப்பார்.

அந்த நாளில் என்ன செய்வது என்று கணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. வந்தவுடன் விசாரிக்க வேண்டாம். "உன் மேல தப்பு இருக்காது" என்று நடந்தது தெரியாமலே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். தப்பு இருக்கலாம், அது அவருக்குத் தெரிந்தும் இருக்கலாம், அப்போது உங்கள் ஆறுதல் குத்தும். சாப்பாடு போட்டு, குழந்தையைத் தூங்க வைத்து, அவரைக் குளிக்க விடுங்கள். சொல்ல வேண்டியது ராத்திரி பத்து மணிக்குத் தானாக வரும். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, டூட்டி என்றாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது களைப்பு இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். டாக்டர்களே இதற்கு வெட்கப்படுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இதே வருடத்தில்தான் டிசர்டேஷனும் வந்து நிற்கும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்னால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும். அப்படியென்றால் பொறுப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களிலேயே அட்டவணை, வரைபடம், பைண்டிங் எல்லாம். உங்களுக்குக் கணக்குத் தெரியும், எக்செல் தெரியும். முதல் வருடக் கடைசியிலேயே "உன் டேட்டா என்ட்ரி என் பொறுப்பு" என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கணவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் புள்ளியியல் கற்றுக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பு ஏன் இப்படிக் குடும்பத்தோடு மல்லுக்கட்டுகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1889-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது உருவாகி, வில்லியம் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் வளர்த்த முறை இது. பயிற்சியில் இருப்பவர் மருத்துவமனைக்குள்ளேயே தங்குவார், கல்யாணம் செய்துகொள்வதை மேலிருப்பவர்கள் விரும்பவில்லை. குழந்தை குட்டி இல்லாத ஆண்களுக்காகத் தைத்த சட்டை. அதைத்தான் இன்றைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் 2003-இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். இங்கே 1992-ஆம் ஆண்டின் மத்திய அரசு உறைவிட மருத்துவர் திட்டம் ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கிறது. படித்தால் சிரிப்புத்தான் வரும். 2024-இல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், விதி இல்லை.

விதி என்று கையில் இருப்பது 2023-ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை. வேலை நேரம் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது, மணி எண்ணிக்கை சொல்லவில்லை. வேலையின் அவசரத்தைப் பொறுத்து வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு, கருத்தரங்குகளுக்கு 5 நாள். அந்த 20 நாளை எப்படிச் செலவழிப்பது என்பதை வருடத் தொடக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கே விடுமுறை விடுவார்கள், லேபர் வார்டுக்குக் கிடையாது. சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் வருவார் என்று உங்கள் அம்மா எதிர்பார்த்தால் அதை முன்னாலேயே சொல்லி அணைத்துவிடுவது உங்கள் வேலை, அவர் வேலை அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாட்களுக்கென்று சில நாட்களைத் தொடாமல் வைத்திருங்கள்.

இப்போது வீடு. ஆத்தூரிலிருந்து தினமும் போய்வருவது முதல் வருடத்தில் நடக்காது, நடத்தவும் கூடாது. ஒரு வழிக்கே 50 கிலோமீட்டருக்குக் குறையாது. நேரத்தைவிடப் பெரிய காரணம் தூக்கம். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். நம் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிப்பது 0.03 வரைதான். நைட் டூட்டியும் அதற்கு அடுத்த பகல் வேலையும் முடித்து, வாழப்பாடி தாண்டி நால்வழிச் சாலையில் அவர் தனியாக வண்டி ஓட்டி வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சேலத்துக்குள்ளேயே இருந்தாலும், நைட் முடிந்த நாளில் ஆட்டோ அல்லது நீங்கள்.

வீடு பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சேலத்தில் 1986-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகம் இரும்பாலை ரோட்டில் இருக்கிறது, மருத்துவமனை ஊர் நடுவில் இருக்கிறது. கல்லூரி பெயரைப் பார்த்துவிட்டு இரும்பாலைப் பக்கம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஓ.ஜி. பி.ஜி.க்கு வாழ்க்கை முழுக்க மருத்துவமனையில்தான். குகை, அரிசிபாளையம், அஸ்தம்பட்டி என்று நடந்தோ பத்து நிமிடத்திலோ போகக்கூடிய இடமாகப் பாருங்கள். ஃபேர்லேண்ட்ஸ் நன்றாக இருக்கும், வாடகையும் அப்படியே. வீடு கிட்டே இருந்தால் இரண்டு கேஸுக்கு நடுவில் கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு ஓட முடியும். முதல் வருடத்தில் அந்த நாற்பது நிமிடம்தான் குடும்பம்.

நீங்கள் ஆத்தூரில் வேலையை வைத்துக்கொண்டு, பாட்டிகள் மாறி மாறி வந்து சேலம் வீட்டில் குழந்தையைப் பார்க்கலாம். பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது. அப்படியானால் ஊர் ஊராகப் போய்வர வேண்டியது நீங்கள், அவர் அல்ல. பாட்டிகளுக்கும் ஓய்வு நாள் வேண்டும். அறுபது வயது முழங்காலோடு இரண்டு வயதுப் பெண்ணின் பின்னால் ஓடுவது நைட் டூட்டியைவிடக் குறைந்த வேலை இல்லை. பகலில் சில மணி நேரத்துக்கு உதவிக்கு ஆள் வைக்க முடிந்தால் வையுங்கள். மூன்று வருடச் சேமிப்பு குறையும், குறையட்டும்.

போன் விஷயம் சின்னது, ஆனால் சண்டை இதில்தான் முளைக்கிறது. தியேட்டரில் கை கழுவி நிற்பவர் போன் எடுக்க முடியாது. அவசரம் இல்லாததை எழுதி அனுப்புங்கள். நிஜ அவசரத்துக்கு அவரோடு படிக்கும் கோ-பி.ஜி. ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள், அதைக் காய்கறி விலை கேட்கப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயம் ஆண்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இரண்டு வருடம் வீட்டை நீங்கள் நடத்தியிருப்பீர்கள். குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எல்.கே.ஜி. வேன் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் வருடத்தில் கொஞ்சம் நேரத்தோடு வீட்டுக்குத் திரும்புகிறவர், வார்டில் உத்தரவு போட்டுப் பழகிய வாயோடு வருவார். "இதை ஏன் இன்னும் செய்யல?" என்று உங்களைப் பார்த்துக் கேட்பார், முதல் வருட பி.ஜி.யைக் கேட்பது மாதிரியே. அதற்கு நீங்கள் கோபப்படலாம், நியாயம்தான். ஆனால் அந்த அதிகாரத்துக்குப் பின்னால், இந்த வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்ற சந்தேகமும் இருக்கிறது. அதனால் முதல் வருடத்திலிருந்தே வீட்டின் ஒரு முடிவை முழுக்க அவரிடம் விட்டு வையுங்கள். மகளின் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் வாங்கி வருவது நீங்களாக இருக்கலாம், எந்தப் பள்ளி என்பது அவர் சொல்வதாக இருக்கட்டும். தாமதமாகும், பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு உயிரை அவரை நம்பி ஒப்படைக்கிறார்கள், வீட்டில் பால் பாக்கெட்டுக்குக்கூட யாரும் அவரைக் கேட்பதில்லை என்றால் அந்த மனுஷி எங்கே போவார்?

கடைசியாக இரண்டாவது குழந்தை. பேறுகால விடுப்பு அவர் உரிமை. 2023 ஒழுங்குமுறையே அரசு விதிப்படி பெண் பி.ஜி.க்களுக்குப் பேறுகால விடுப்பும், ஆண் பி.ஜி.க்களுக்குத் தந்தைமை விடுப்பும் உண்டு என்று சொல்கிறது. யாராவது "சீட் எடுத்துட்டு இப்படிப் பண்றீங்களே" என்று முணுமுணுத்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விடுப்பு எடுத்த காலத்துக்கு ஈடாகப் பயிற்சி நீளும், தேர்வு தன் பேட்ச்சோடு எழுதாமல் அடுத்ததோடு எழுத நேரிடலாம். எத்தனை நாள் கிடைக்கும், உதவித்தொகை எப்படி என்பது, அவர் அரசுப் பணியிலிருந்து சர்வீஸ் கோட்டாவில் வந்தவரா, நேரடியாக வந்தவரா என்பதைப் பொறுத்து மாறும். கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சீனியர் அக்கா சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எப்போது என்று கேட்டால், முதல் வருடம் வேண்டாம் என்பேன். நிற்கிற வேலை, தூக்கமில்லாத இரவு, நேரத்துக்குச் சாப்பாடு இல்லாத உடம்பு. ஆய்வேட்டுக்கும் தேர்வுக்கும் இடைப்பட்ட மாதங்கள் அதைவிட மோசம். இரண்டாம் வருடத்தின் நடுவில் பிறக்கும்படி அமைந்தால் ஓரளவு சமாளிக்கலாம். இல்லாவிட்டால் தேர்வு முடியட்டும். மகளுக்கு அப்போது ஐந்து வயது, இடைவெளி ஒன்றும் பெரிதில்லை. இடையில் தானாகவே அமைந்துவிட்டால், விஷயம் உறுதியானவுடன் யூனிட் சீஃபிடமும் கோ-பி.ஜி.க்களிடமும் சொல்லிவிடச் சொல்லுங்கள். அவர் இல்லாத நாட்களின் டூட்டி அவர்கள் தலையில்தான் ஏறும். ஆறு மாதம் முன்னால் தெரிந்தால் ரோஸ்டரை மாற்றிக்கொள்வார்கள், ஆறாவது வாரத்திலேயே சொன்னால் வருகிற கோபம் ஒன்பதாவது மாதம்வரை நிற்காது. முன்கூட்டியே நைட் சிலவற்றை மாற்றி எடுத்து ஈடுகட்டுகிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். கர்ப்பமான பிறகு அதைச் செய்ய வேண்டாம்.

தேர்வு முடிந்தவுடன் சேலத்திலேயே இருப்பார் என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். அரசுக் கல்லூரியில் படித்தவருக்கு பாண்ட் உண்டு, அதாவது கொஞ்ச காலம் அரசுப் பணி செய்தாக வேண்டும், போஸ்டிங் எந்த மாவட்டத்திலும் விழலாம். அதனால் சேலத்தில் வீட்டுக்கு வழக்கமான 11 மாத ஒப்பந்தமே போட்டுப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். ஆத்தூர் ஆலை வேலையை இப்போதே விட வேண்டாம். விடுவதா வேண்டாமா என்பதை அந்த போஸ்டிங் ஆர்டர் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.